சம்சு திறக்கும் கதவு

1943 ஜூன் 2, புதன். காலை மணி ஆறு நாற்பது. ஜப்பான்காரன் கடிகாரத்தில் எட்டு பத்து. லோரி நின்றது பதினொரு தடவை.

யான் ஊரிலிருந்து பீடோங்கில் எங்கள் ரப்பர் தோட்டம் வரை இருபத்துச் சொச்சம் மைல். நேற்று மதியம் அரிசி ஏற்றிக்கொண்டு புறப்பட்டோம். இப்போதுதான் வந்து சேர்ந்தோம். வழியில் ஒரு மாட்டுவண்டி எங்களை முந்திப் போனது. இரண்டு தடவை. அதே மாட்டுவண்டி. இரண்டாம் தடவை வண்டிக்காரர் வெற்றிலை நீட்டினார். டிரைவர் முருகையா அண்ணன் வாங்கிப் போட்டுக்கொண்டு அவரிடம் மழையைப் பற்றிப் பேசுகிறார். எனக்கு வயிறு எரிந்தது.

பெட்ரோல் இல்லாத நாடு ஆகிவிட்டது. ரப்பர் ஷீட்டைத் தகர டிரம்மில் போட்டுக் காய்ச்சி வடிக்கிற எண்ணெயில்தான் லோரி ஓடுகிறது. அந்த எண்ணெய்க்குக் குளிர்ந்த எஞ்சின் எழும்பாது. ஒவ்வொரு தடவையும் ஒரு கோப்பை பெட்ரோல் விட்டு எழுப்பி, பிறகு ரப்பர் எண்ணெய்க்கு மாற்ற வேண்டும். ஆக பதினொரு கோப்பை. மாதம் முழுவதற்கும் ஒகாடா கொடுப்பது இருபது.

ஒகாடா – வெள்ளைக்காரத் துரை ஓடிப்போன பங்களாவில் இப்போது குடியிருக்கும் ஜப்பான்காரன். இந்தப் பக்கத்துத் தோட்டங்களின் லோரி, அரிசி, ஆள் மூன்றுக்கும் அவன்தான்.

கை முழுக்கக் கரி. தூங்குகிறேன்.

ஜூன் 3, வியாழன்

ஒகாடா பட்டறைக்கு வந்தான். கூடவே தோட்டத்துக் கணக்கெழுதும் கிராணி பரஞ்சோதி. கிராணி ஜப்பான் பாஷை வகுப்புக்குப் போய் வந்தவர். ஒகாடா நாலு வார்த்தை சொன்னால் இவர் தமிழில் நாற்பது சொல்வார். முன்னால் ஒரு கும்பிடு, பின்னால் ஒரு கும்பிடு. எனக்கு இந்த ஆளைப் பிடிக்காது.

இன்று அவர்கூடச் சுருக்கமாகத்தான் சொன்னார்.

"பத்தொன்பதாம் தேதி சனிக்கிழமை இவரு நேர்லயே லோரில ஏறி உக்காருவாரு. யானுக்குப் போயி அரிசி ஏத்திக்கிட்டு நம்ம தோட்டத்து மேல் டிவிஷன் ஸ்டோர் வரைக்கும் வரணும். பெட்ரோல் ஒரு கோப்பை. ஒண்ணே ஒண்ணு. கோளாறுல எங்கயாச்சும் நின்னுச்சு, பட்டறைய மூடிருவாங்க. பட்டறை ஆளு நாலு பேரும் இருபத்து நாலாம் தேதி ரயில்ல சயாம்."

நாலு பேர் என்றால் நான், முருகையா அண்ணன், கொல்லு வேலை பார்க்கும் பழனியாண்டி அண்ணன், பிட்டர் சுப்பிரமணியம்.

சயாம் என்றால் காட்டில் ரயில் பாதை போடுவது. மூன்று மாதத்தில் திரும்பிவிடலாம் என்று சொல்லித்தான் ஏப்ரலில் அழைத்துப் போனார்கள். ஒருவரிடமிருந்தும் ஒரு வரி இல்லை. தப்பி ஓடிவந்த ஒருவனை நான் பார்த்தேன். எங்கே என்று எழுத மாட்டேன். கால் இரண்டும் புண். கஞ்சியை வாயில் வைத்தால் விழுங்க மறந்துவிடுகிறான்.

"ஜெரார்ட் தம்பி, செய்ய முடியுமான்னு கேக்குறாரு" என்றார் கிராணி.

"முடியும்னு சொல்லுங்க."

என்ன கோளாறு என்றே இன்னும் எனக்குத் தெரியாது.

ஜூன் 4, வெள்ளி

எஞ்சினைப் பிரித்தேன். அடித்தொட்டியில் இருக்கும் மசகு எண்ணெய் தேன் மாதிரி இழுபட வேண்டும். இது காப்பி மாதிரி ஓடுகிறது. மோந்து பார்த்தால் ரப்பர் எண்ணெய் நாற்றம். வால்வுத் தண்டு எல்லாவற்றிலும் கறுப்புப் பிசின். ஒன்றைச் சுத்தியால் தட்டித்தான் இறக்கினேன்.

எரிய வேண்டிய எண்ணெய் எரியாமல் சிலிண்டர் சுவரில் வழிந்து கீழே இறங்கியிருக்கிறது. ஏன் எரியவில்லை? ஆவியாகவில்லை. ஏன் ஆவியாகவில்லை? சூடு பற்றவில்லை.

எஞ்சினுக்குக் குளிர். கெடாவில். ஜூன் மாதத்தில்.

முருகையா அண்ணனிடம் சொன்னேன். தொடையில் தட்டிச் சிரித்தார். "குளிருதா? ஜுரமா இருக்கும் தம்பி. கம்பளி போத்தி சுக்குத்தண்ணி குடுப்பமா? இந்த வெயில்ல நமக்கே வேர்த்து ஊத்துது, இரும்புக்குக் குளிருதாம்லா! பினாங்குல இதத்தான் படிச்சியா நீ?"

ஆமாம், இதைத்தான் படித்தேன்.

ஜூன் 5, சனி

கண்டுபிடித்துவிட்டேன். எஞ்சின் தலையிலிருந்து ரேடியேட்டருக்குச் சுடுதண்ணீர் போகும் முழங்கைக் குழாயைக் கழற்றினேன். உள்ளே சுற்றிலும் ஒரு படி செதுக்கியிருக்கிறது. ஏதோ ஒன்று உட்காருவதற்காகச் செய்த படி. உட்கார்ந்திருக்க வேண்டியது இல்லை.

தெர்மோஸ்டேட்!

தொழிற்பள்ளியில் ஒன்றைக் குறுக்கே வெட்டிக் கண்ணாடிக்குள் வைத்திருந்தார்கள். ஒன்றுமில்லை, ஒரு சின்னக் கதவு. எஞ்சின் குளிர்ந்திருந்தால் கதவு மூடியிருக்கும். தண்ணீர் ரேடியேட்டருக்குப் போகாமல் எஞ்சினுக்குள்ளேயே நிற்கும், சீக்கிரம் சூடாகும். வேண்டிய சூடு வந்ததும் கதவு தானே திறக்கும்; தண்ணீர் ரேடியேட்டருக்குப் போய் ஆறி வரும். ரொம்ப ஆறினால் மறுபடி மூடிக்கொள்ளும். எஞ்சின் கொதிக்கவும் கொதிக்காது, குளிரவும் குளிராது. கதவு இல்லாத எஞ்சினோ, சமவெளியில் லேசாக ஓடினால் எப்போதும் அரைச் சூடுதான்.

"இங்க இருந்தது எங்க அண்ணே?"

"எது, அந்தப் பித்தளையா? புது லோரி வந்து எறங்குன அன்னைக்கே கழட்டி வீசிருவம்லா. நான் மட்டுமில்ல, அலோர் ஸ்டார்லேந்து பினாங்கு வரைக்கும் எல்லா டிரைவரும் அதான். வெள்ளைக்காரன் பனி கொட்டுற ஊருக்குச் செஞ்சது, இங்க எதுக்கு? தண்ணி போற வழிய அடைச்சிக்கிட்டு."

பெட்ரோல் காலத்தில் அவர்கள் செய்தது பெரிய குற்றமில்லை. பெட்ரோல் அரைச் சூட்டிலும் ஆவியாகும். ரப்பர் எண்ணெய் ஆகாது. அதுதான் வித்தியாசம். அவ்வளவுதான்!

பீடோங், சுங்கை பட்டாணி இரண்டு இடத்திலும் பழைய சாமான் கடைகளைக் கிளறிவிட்டு வந்தேன். ஒன்றுகூட இல்லை. எல்லாரும் வீசியிருக்கிறார்கள்.

ஜூன் 6, ஞாயிறு

பூசைக்குப் போகவில்லை. கர்த்தர் புரிந்துகொள்வார், எஞ்சின் புரிந்துகொள்ளாது.

கதவு இல்லாவிட்டால் என்ன? ரேடியேட்டரின் முகத்தைக் கோணிச் சாக்கால் மூடினேன். காற்று படாது, தண்ணீர் ஆறாது. ஏற்றத்தில் சூடு ஏறும்போது டிரைவர் கயிற்றை இழுத்தால் சாக்கு மேலே சுருண்டுகொள்ளும்.

முருகையா அண்ணன் பட்டறையில் இருந்தவர்களையெல்லாம் கூப்பிட்டுக் காட்டினார். "நான் சொன்னப்ப மொறைச்சான். இப்பப் பாரு, கம்பளிதான் போத்துறான்!"

ஜூன் 8, செவ்வாய்

கோணி தோற்றது.

சமவெளியில் ஆறு மைல் நிற்காமல் ஓடியது. சத்தமே வேறு – சுத்தமான, இடைவெளியில்லாத சத்தம். என் கணக்கு சரி என்று அப்போதே தெரிந்துவிட்டது. பிறகு மேல் டிவிஷன் ஏற்றம். அங்கே கயிற்றை இழுக்க வேண்டும். சடக்கின் நடுவே, வண்டி போகும் பாதையை மறித்து, ஓர் எருமை நின்றது. முருகையா அண்ணன் தலையை வெளியே நீட்டி எருமையை அதன் பரம்பரையோடு திட்டினார். எருமை போய்விட்டது. கயிறு ஞாபகமில்லை. பாதி ஏற்றத்தில் ரேடியேட்டர் மூடி பறந்து, கொதிதண்ணீர் கண்ணாடி முழுக்க.

"ஒரு கயிறு! ஒரே ஒரு கயிறு அண்ணே!"

"எருமைய இடிச்சிருந்தா நீயா தம்பி பதில் சொல்லுவ?"

அவர்மேல் தப்பில்லை. வண்டி ஓட்டுகிறவனுக்கு ஆயிரம் எருமை வரும். மறக்காத ஒன்று வேண்டும். மனுஷன் இல்லாத ஒன்று.

ஜூன் 9, புதன்

பழனியாண்டி அண்ணன் வேட்டி இரண்டு, போர்வை, தட்டு எல்லாம் கட்டி மூட்டையாக உலைக்குப் பக்கத்தில் வைத்திருக்கிறார். "சயாமுக்கு" என்கிறார், சந்தைக்கு என்பதுபோல. நான் கத்தினேன். "நீ கத்துறதுனால ரயிலு நிக்காதுப்பா" என்று துருத்தியை ஊத ஆரம்பித்துவிட்டார்.

என்னிடம் இருப்பது என்ன? செதுக்கிய ஒரு படி. அதில் உட்கார வைக்க ஒன்றும் இல்லை. சூட்டில் தானே நீளும் ஒரு பொருள் வேண்டும். எங்கே போவேன்?

ஜூன் 10, வியாழன்

வால்வுப் பிசினைக் கழுவச் சாராயம் தேவைப்பட்டது. தொழிலாளர் வீட்டு வரிசைகளில் கடைசி லயத்தில் செல்லாயி அக்கா மரவள்ளியில் சம்சு காய்ச்சுகிறாள் என்று தோட்டத்துக்கே தெரியும். துரை இருந்தவரை பங்களாவில் சமையல். துரை ஓடினதும் அடுப்பு மாறியது, அவ்வளவுதான்.

வாசலில் நிற்கும்போதே "ஓ, மிஷின்காரத் தம்பியா! கோயிலுக்குப் போற புள்ள, சம்சு வாங்க வந்துருச்சே" என்றாள்.

"குடிக்க இல்ல அக்கா. எஞ்சினுக்கு."

"எல்லாரும் யாருக்கோதான் வாங்குறாங்க."

அப்போதுதான் மூலையில் அந்தப் பெட்டியைப் பார்த்தேன். கால் வைத்த மரப்பெட்டி. பக்கத்தில் தேங்காயெண்ணெய் விளக்கு. விளக்கின் சூடு ஒரு தகரக் குழாய் வழியாக உள்ளே போகிறது. குழாயின் தலையில் ஒரு சின்ன மூடி. நான் பார்க்கப் பார்க்க மூடி மெல்ல எழுந்தது. யாரும் தொடவில்லை. கொஞ்ச நேரம் கழித்து மெல்லப் படுத்தது.

"என்ன அக்கா இது?"

"துரைசாணி முட்டை பொரிக்க வச்சிருந்த பெட்டி. அவ ஓடுறப்ப தூக்கிட்டா போவா? சூடு அதிகமாச்சுன்னா மூடி தானா எந்திரிக்கும், கொறைஞ்சா தானா படுத்துக்கும். மொதல்ல முனி பூந்திருச்சுன்னு நான் வேப்பிலை கட்டுனேன்லா! இப்ப அதுபாட்டுக்கு அது, நான்பாட்டுக்கு நான். மாசத்துக்கு முப்பது வாத்துக்குஞ்சு."

பெட்டியைத் திறந்தேன். என் கையில் அடித்தாள். "முட்டையில கை வச்சே, கைய ஒடைச்சிருவேன்." எட்டித்தான் பார்த்தேன். முட்டைகளுக்கு மேலே பிஸ்கோத்து அளவில் ஒரு பித்தளை வில்லை. இரண்டு மெல்லிய தட்டை ஓரத்தில் ஈயம் வைத்து ஒட்டியது. உள்ளே ஏதோ திரவம். சூட்டில் ஆவியாகி வில்லையை உப்ப வைக்கிறது. வில்லை கம்பியைத் தள்ளுகிறது. கம்பி மூடியைத் தூக்குகிறது.

நாட்டில் எல்லா லோரியிலும் கழற்றி வீசியாகிவிட்டது. கடைசி லயத்தில், செல்லாயி வீட்டில், வாத்து முட்டைக்கு ஒன்று ஓடிக்கொண்டிருக்கிறது!

"இது வேணும் அக்கா."

"எது? என் பெட்டியா? போடா."

ஜூன் 11, வெள்ளி

பேரம் முடிந்தது. பெட்டியோடு துரைசாணி வைத்திருந்த தகர டப்பாவில் உபரி வில்லை மூன்று இருந்தன. அதற்குப் பதிலாக, சம்சு ஆவி இறங்கும் செப்புச் சுருளின் ஒழுக்கை நான் அடைத்துக் கொடுக்க வேண்டும். கொடுத்தேன். ஓர் ஆணி ஓட்டைதான். "இதுக்கா ஆறு மாசமா துணி சுத்தி வச்சிருந்தே?" என்றேன். "வாய் இருக்கே உனக்கு, அதையும் கொஞ்சம் ஈயம் வச்சு அடைச்சுக்க" என்றாள்.

வில்லையில் ஊசித்துளை போட்டேன். உள்ளே ஈதர். கையில் பட்டதும் பனி மாதிரிக் குளிர்ந்து பறந்துவிட்டது. வாத்து முட்டைக்கு பாரன்ஹீட்டில் நூறு டிகிரி போதும், ஈதர் சரி. என் கதவு நூற்றெழுபதுக்கு மேல் திறக்க வேண்டும். அந்தச் சூட்டில் கொதிக்கும் திரவம் எது?

சாராயம். சுத்தமான சாராயம் நூற்று எழுபத்து மூன்றில் கொதிக்கும். படித்தது அப்படியே ஞாபகம் இருக்கிறது. எழுந்து நின்று சிரித்தேன். பழனியாண்டி அண்ணன் பயந்துபோய் என் நெற்றியைத் தொட்டுப் பார்த்தார்.

ஜூன் 13, ஞாயிறு

பழனியாண்டி அண்ணன் கூண்டு அடித்துக் கொடுத்தார். மூன்று வில்லை ஒன்றன்மேல் ஒன்று. மேலே வட்டக் கதவு. அதை அமுக்கி மூடி வைக்க மெல்லிய ஸ்பிரிங். ஒரு வில்லை உப்புவது போதாது, மூன்றும் சேர்ந்தால் கால் அங்குலம். கச்சிதமான வேலை. அந்த மனுஷர் கையில் அளவுகோல் இல்லாமலே அளவு இருக்கிறது.

வில்லைகளில் சம்சுவை நிரப்பி, ஈயம் வைத்து அடைத்து, பானைத் தண்ணீரில் போட்டு அடுப்பில் வைத்தேன். ஷீட் உலர்த்தும் புகைவீட்டிலிருந்து கழற்றிவந்த தெர்மாமீட்டர் பக்கத்தில். நூற்று எழுபத்து மூன்று – அசையவில்லை. எண்பது – இல்லை. எண்பத்தைந்தில் லேசாக ஒரு கோடு. தண்ணீர் கொதித்தே விட்டது, கதவு பாதி.

உள்ளே இருப்பதில் தண்ணீர் கலந்திருக்கிறது. வேறொன்றும் இல்லை. போய் செல்லாயி அக்காவிடம் சொன்னேன், "உங்க சரக்குல பாதி தண்ணி."

தப்பான வாக்கியம். வாங்க வந்த நாலு பேர் முன்னால் சொன்னது இன்னும் தப்பு. அகப்பையோடு என்னை லயம் முழுக்கத் துரத்தினாள். "எவன்டா சொன்னது என் சரக்கு தண்ணின்னு! கூலிம்லேந்து தேடி வர்றானுங்க என் சரக்குக்கு!"

கடைசியில் குழாயடியில் நின்று மூச்சு வாங்கிக்கொண்டே எல்லாவற்றையும் சொன்னேன். கதவு, லோரி, இருபத்து நாலாம் தேதி. அகப்பையை இறக்கினாள்.

"அத மொதல்லயே சொல்றதுக்கென்ன? காய்ச்சுனத மறுபடி காய்ச்சணும். அதையும் மறுபடி. யாரும் குடிக்க மாட்டான் அத, குடல் வெந்துரும். எஞ்சினுக்குக் குடல் கெட்டியா?"

"கெட்டி அக்கா."

ஜூன் 14, திங்கள்

இடது புருவம் இல்லை. மூன்று தடவை காய்ச்சிய சம்சு பக்கத்தில், ஈயம் உருக்கி ஒட்டும் சூட்டுக்கோலைக் கொண்டுபோகக் கூடாது. தெரிந்த விஷயம்தான். அவசரம்.

ஜூன் 16, புதன்

வில்லையின் வயிற்றை ஈரத்துணியில் புதைத்து, மேல் துளையை மட்டும் ஒரு தொடுதலில் அடைக்க வேண்டும். இரண்டு எண்ணுவதற்குள். ஏழாவது முயற்சியில் மூன்றும் நின்றன.

பானையில் போட்டேன். சுப்பிரமணியம் தெர்மாமீட்டரைப் படித்தான். நூற்று எழுபது. எழுபத்திரண்டு. எழுபத்து மூன்றில் கதவு ஒரு நூல் அசைந்தது. எழுபத்தைந்தில் வாயைத் திறந்தது. எண்பத்தைந்தில் முழுசாக. பச்சைத்தண்ணீர் ஊற்றினேன். மூடிக்கொண்டது. மறுபடி சூடு. திறந்தது. மறுபடி தண்ணீர். மூடியது.

எத்தனை தடவை செய்தேனோ தெரியாது. முருகையா அண்ணன் பார்த்துக்கொண்டே இருந்தார். பிறகு மெதுவாக, "சம்சு உள்ள போனா மனுஷன் வாயும் இப்படித்தான் தம்பி தெறக்கும்" என்றார்.

ஜூன் 18, வெள்ளி

பொருத்தியாயிற்று. அடித்தொட்டியில் புது எண்ணெய், வால்வு சுத்தம். முழங்கைக்குள் இப்போது உட்கார வேண்டியது உட்கார்ந்திருக்கிறது. நாளை.

ஜூன் 19, சனி

உட்கார்ந்து எழுத முடியவில்லை. நின்றுகொண்டு எழுதுகிறேன்.

காலையில் ஒகாடா வந்தான். கிராணி கையில் அந்த ஒரு கோப்பை பெட்ரோல், தீர்த்தம் ஏந்துவதுபோல ஏந்திக்கொண்டு. ஊற்றினேன், கைப்பிடியைச் சுற்றினேன், எழுந்தது. ரப்பர் எண்ணெய்க்கு மாற்றினேன். இருமியது, பிடித்துக்கொண்டது. "அஞ்சு நிமிஷம் நிக்கட்டும், சூடாகணும்" என்று சொல்லிவிட்டு மூட்டை கட்டும் கயிறு எடுக்கப் போனேன்.

அந்த அஞ்சு நிமிஷத்தில் முருகையா அண்ணன் இறங்கி வந்து, இருபது வருஷப் பழக்கத்தில் ரேடியேட்டரைத் தொட்டுப் பார்த்திருக்கிறார். பச்சைத்தண்ணீர். எஞ்சின் தலையைத் தொட்டார். சுட்டது. "ஐயோ, அடைச்சிப்புட்டான்! தண்ணி போகல! வெடிக்கப் போவுது!" என்று ஓடிப்போய் எஞ்சினை அணைத்துவிட்டார்.

திரும்பி வருகிறேன், சத்தம் இல்லை. ஒகாடா காலிக் கோப்பையைப் பார்க்கிறான். கிராணி தரையைப் பார்க்கிறார். பழனியாண்டி அண்ணன் பட்டறை வாசலில் நின்றார். முகத்தில் ஒன்றுமே இல்லை, அதுதான் என்னால் தாங்க முடியவில்லை.

"முன்னால குளுந்துதான் இருக்கணும் அண்ணே! அதுக்குத்தானே கதவு! இன்னும் திறக்கல, அவ்ளோதான்! ரெண்டு நிமிஷம் பொறுக்க முடியாதா உங்களுக்கு!" – கத்தினேன். அழுகை வந்திருக்குமோ தெரியாது.

பெட்ரோல் இல்லை. கேட்டால் கிடைக்காது.

கத்திக்கொண்டிருக்கும்போதே மண்டையில் உறைத்தது. எஞ்சின் *சூடாக* இருக்கிறது. வருஷக்கணக்கில் முதல் தடவையாக, இருக்க வேண்டிய சூட்டில் இருக்கிறது. சூடான எஞ்சினுக்குப் பெட்ரோல் எதற்கு?

ஒன்றும் ஊற்றவில்லை. நேராகப் போய்க் கைப்பிடியைச் சுற்றினேன். முதல் சுற்று ஒன்றுமில்லை. இரண்டாம் சுற்று –

பிடித்தது! வெறும் ரப்பர் எண்ணெயில்!

இந்தக் கெடாவில் இதுவரை எந்த லோரியாவது அப்படி எழுந்திருக்குமா? எழுந்திருக்காது. ஒகாடா ஒரு அடி முன்னால் வந்தான். நான் அவன் மணிக்கட்டைப் பிடித்து (ஜப்பான்காரன் மணிக்கட்டை!) மேல் குழாயில் வைத்தேன். குளிர்ச்சி. வைத்தபடியே இருந்தான். சட்டென்று கையை இழுத்துக்கொண்டான். கதவு திறந்துவிட்டது, சுடுதண்ணீர் பாய்ந்துவிட்டது. மறுபடி தானாகவே கையைக் கொண்டுபோய்த் தொட்டான். சிரித்தான் என்று சொல்ல மாட்டேன். பல் தெரிந்தது.

பிறகு எழுத என்ன இருக்கிறது? ஓடியது. குரூண் தாண்டி, யான் வரை, ஜெராய் மலை இடப்பக்கம் வந்துகொண்டே இருந்தது. அரிசி ஏற்றும்போது அணைத்தோம். ஏற்றி முடித்ததும் இரண்டே சுற்றில் எழுந்தது. திரும்பும் வழியில் கையில் கயிறு இல்லாத முருகையா அண்ணன் பாட்டு வேறு. மேல் டிவிஷன் ஏற்றம். என் கண் ரேடியேட்டர் மூடியிலேயே. மூடி பறக்கவில்லை. கொதிக்கவில்லை. ஸ்டோர் வாசலில் அரிசி மூட்டை இறங்கியபோது லயத்துப் பெண்கள் கைதட்டினார்கள். அரிசிக்குத்தான். இருக்கட்டும்.

ஒகாடா இறங்கி மலாயில் "பாகுஸ்" என்றான். பிரமாதமாம். அடுத்து, "பன்னிரண்டு லோரி. எல்லாவற்றுக்கும். பெராப்பா ஓராங்?" எத்தனை ஆள் வேண்டும் என்கிறான்.

"ஆளே வேண்டாம், நான் ஒருத்தன் ஒரு வாரத்தில் –" என்பது நாக்கு நுனியில் இருந்தது. இதில் என்ன இருக்கிறது? மூன்று வில்லை, ஒரு கூண்டு. அந்த நேரம் பார்த்துக் கிராணி பரஞ்சோதி என் காலை மிதித்தார். நன்றாக, குதிகாலால். முகத்தைப் பார்த்தேன். எப்போதும் போலக் குனிந்துகொண்டு தமிழில் மெதுவாக, மழை வருமோ என்று கேட்பவர்போல் சொன்னார்: "அவரு ஆளு எத்தனைன்னு கேக்குறாரு தம்பி. ஆளு. நல்லா யோசிச்சுச் சொல்லுங்க."

எனக்கு ஒரு நொடி ஆனது. அப்புறம் புரிந்தது. பட்டறைக்கு வேண்டிய ஆளை ரயிலில் ஏற்ற மாட்டார்கள்.

"ரொம்பக் கஷ்டமான வேலைன்னு சொல்லுங்க" என்றேன். "பட்டறையில இருக்குற நாலு பேரு போதாது. இன்னும் பன்னிரண்டு பேரு வேணும். பழகின ஆளுங்க. நடுவுல மாத்தக் கூடாது."

கிராணி அதை ஜப்பானில் சொன்னார். ரொம்ப நேரம் சொன்னார். என் பன்னிரண்டு வார்த்தைக்கு நூற்றிருபது சொல்லியிருப்பார். ஒவ்வொரு வார்த்தையும் சொல்லட்டும், சொல்லட்டும் என்று நின்றேன். ஒகாடா தலையாட்டினான்.

ஜூன் 20, ஞாயிறு

பன்னிரண்டு பேர் யார்? கிராணி வீட்டில் உட்கார்ந்து பேசினோம். சின்னப் பிள்ளைகள் நிறைய இருக்கிறவர்கள் முதலில் என்றார் அவர். ஏற்கெனவே அண்ணனையோ தம்பியையோ அனுப்பிய வீடுகள் என்றேன் நான். இரண்டையும் சேர்த்தாலும் பன்னிரண்டில் அடங்கவில்லை. ஒரு பெயரைச் சொல்லும்போது இன்னொரு பெயரைச் சொல்லாமல் விடுகிறோம். கணக்குப் போடுவது எனக்கு இவ்வளவு கனமாக இருந்ததே இல்லை.

பூசைக்குப் போனேன்.

ஜூன் 21, திங்கள்

ராக்காயி அக்கா பட்டறைக்கு வந்தாள். புருஷன் நடராஜா ரப்பர் மரத்தில் பால் வெட்டுகிறவர். "தம்பி, எங்க வீட்டு ஆளுக்கு ஈயம் ஊத்தத் தெரியும்" என்றாள்.

தெரியாது. எனக்குத் தெரியும், அவளுக்கும் தெரியும்.

"தெரியும் அக்கா, நானே பாத்துருக்கேன்" என்றேன்.

கிராணி, "பன்னிரண்டுன்னு சொல்லியாச்சே தம்பி" என்றார். "சம்சு மூணு தடவை காய்ச்ச ஒருத்தர் வேணும்னு சொல்லுங்க. விட்டுப்போச்சுன்னு சொல்லுங்க" என்றேன். மனுஷர் என்னை ஏற இறங்கப் பார்த்தார். "சீக்கிரம் கத்துக்கிட்டீங்களே" என்றார்.

ஜூன் 24, வியாழன்

காலைப் பெரட்டில், எல்லாரும் வரிசையில் நிற்கும்போது, கிராணி சயாமுக்குப் போகும் பெயர்களை வாசித்தார். வாசிக்கும்போது தலையைத் தூக்கவில்லை. இருபத்தெட்டுப் பெயர். எங்களுடையது பதினேழும் அதில் இல்லை. முருகையா அண்ணனும் நானும் லோரியில்தான் அவர்களைச் சுங்கை பட்டாணி ஸ்டேஷனுக்குக் கொண்டுபோனோம். நான் சரிசெய்த லோரியில். வழியில் ஒரு தடவைகூட நிற்கவில்லை. அதை எழுதும்போது எனக்குப் பெருமை வரவில்லை. திரும்பி வந்ததும் நேரே பட்டறைக்குப் போய்விட்டேன். அங்கே மற்றப் பதினைந்து பேரும் எனக்காகக் காத்திருந்தார்கள். உயிரோடு, வேர்வை நாற்றத்தோடு, சூட்டுக்கோலை எந்தப் பக்கம் பிடிப்பது என்று சண்டை போட்டுக்கொண்டு. உள்ளே நுழைந்தபோது சத்தம் காதை அடைத்தது. நன்றாக இருந்தது. ரொம்ப நன்றாக இருந்தது.

கூலிம் பக்கத்து லோரிகளுக்கும் வேண்டும் என்று ஒகாடா ஆள் அனுப்பியிருக்கிறான்.

இனிச் செய்ய வேண்டியது:

1. நடராஜா அண்ணன் சூட்டுக்கோலைப் பால் வெட்டும் கத்தி மாதிரி சாய்த்து இழுக்கிறார். ஒகாடா வருவதற்குள் திருத்த வேண்டும். அல்லது அதுதான் சரியான முறை என்று சொல்லிவிட வேண்டும்.

2. புது வில்லைக்குப் பித்தளை: பழைய மண்ணெண்ணெய் அடுப்புகளின் வயிற்றை வெட்டி எடுக்க.

3. செல்லாயி அக்கா கொட்டகை வாசலில் ஜப்பான் எழுத்தில் பலகை: "இயந்திர மருந்து தயாரிக்கும் இடம்." கிராணி எழுதித் தருவார். போலீஸ் தொல்லை தீரும்.

4. ஒவ்வொரு கதவையும் மாதம் ஒரு தடவை கழற்றி, பானையில் கொதிக்க வைத்துச் சோதிக்காவிட்டால் எஞ்சின் வெடிக்கும் என்று ஒகாடாவிடம் சொல்ல. முகத்தை இறுக்கமாக வைத்துக்கொண்டு சொல்ல. அதற்குத் தனியாக ஆறு ஆள்.

5. அடுத்த ரயில் ஜூலையில் என்கிறார்கள். அந்த ஆறு போக, லயத்தில் மிச்சம் இருக்கும் ஆண்கள் பதினொரு பேர். பதினொரு பேர் இல்லாமல் சரி செய்யவே முடியாத ஒரு கோளாறைக் கண்டுபிடிக்க.